ஊட்டிவிடும் கையை எப்படித் தடுப்பது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரையும் அடையாளங்களையும் விட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகளுக்கு 5 வயது. ஒன்றரை வருடமாக ஊதிய வயிறு, அடிக்கடி வயிற்றோட்டம், இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் ஏறாத இரத்தம், போன வருடத்துச் சட்டையே இந்த வருடமும் அளவாக இருக்கும் உடம்பு. 7 மாதத்துக்கு முன் இரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கொப்பியும் செய்து, சீலியாக் நோய் என்று உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். அன்றோடு வீட்டில் கோதுமை மா நின்றுவிட்டது. பிள்ளை 2 கிலோ கூடியிருக்கிறாள், முகம் தெளிந்து ஓடித் திரிகிறாள். சிக்கல் எல்லாம் வாசலைத் தாண்டினால்தான். போன மாதம் தெஹிவளையில் ஒரு மண்டபத்தில் நடந்த பிறந்தநாளில், கணவரின் அக்கா பிள்ளையை மடியில் இருத்தி ஒரு துண்டு கேக்கை ஊட்டிவிட்டார். தாய் பாய்ந்து போய்ப் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டு எடுத்து, சபையில் சத்தம் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து கணவர் வீட்டாரோடு பேச்சுவார்த்தை இல்லை. "ஒரு துண்டில என்ன வரப்போகுது? பிள்ளைக்கு ஒண்டும் நடக்கேல்லையே" என்கிறார் மாமி, அதாவது கணவரின் அம்மா. அன்று பிள்ளைக்கு உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் தாயையும் குழப்பிவிட்டது.

ஆடிவேல் வருகிறது. ஆவணியில் இவருடைய தம்பிக்குக் கலியாணம். பிள்ளையை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாமலே விட்டால் என்ன என்று கேட்கிறார். ஒவ்வாமைக்குப் போடும் ஊசியைக் கையில் வைத்திருக்க வேண்டுமா, கேக் சாப்பிடும் நாளில் மட்டும் போடக்கூடியது என்று உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய செரிமான மாத்திரையைக் கொடுக்கலாமா, 2 வயது மகனுக்கும் இப்போதே கோதுமையை நிறுத்திவிட்டது சரிதானா என்றும் கேட்கிறார். கடைசி வரி இது: "அம்மா, நான் கூடாத பிள்ளையா என்று மகள் கேட்கிறாள்."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரிக்குக் கட்டாயம் வருகிறேன். அதற்கு முன் நோயைப் பற்றிய இரண்டு மூன்று விஷயங்களை நேராக்கிக்கொள்வோம். உங்கள் பயத்தில் ஒரு பாதி தேவையில்லாதது. மாமியின் தைரியத்தில் ஒரு பாதி ஆபத்தானது. எந்தப் பாதி எது என்று தெரிந்தால்தான் சபையில் நிதானமாக நடந்துகொள்ள முடியும்.

இது ஒவ்வாமை இல்லை

கச்சானோ இறாலோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குச் சில நிமிடத்திலேயே உடம்பு தடித்து, தொண்டை வீங்கி, மூச்சு முட்டலாம். அந்த ஊசி அதற்குரியது. சீலியாக் வேறு வழியில் போகும் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போகும்போது, உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் சடைமுளைகளைத் தாக்குகிறது. சாப்பாட்டின் சத்தை உறிஞ்சும் அந்த முளைகள் தேய்ந்து தட்டையாகிவிட்டால், பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இரும்பு மருந்து வேலை செய்யாமல் போனது அதனால்தான்.

ஆகவே அந்த ஊசி உங்கள் பிள்ளைக்குத் தேவையில்லை (வேறு ஏதும் ஒவ்வாமை இருந்தால் அது தனிக் கதை). வாய்க்குள் விரலை விட்டு எடுப்பதும் வேண்டாம். பயந்துபோன பிள்ளைக்குப் புரைக்கேறும், தொண்டையில் கீறும், அதனால் மிச்சமாவது ஒன்றுமில்லை. "துப்பிப்போடு செல்லம்" என்று கையை நீட்டி, ஒரு வாய் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தால் போதும். அந்த நிமிடம் உயிர் போகும் நிமிடமல்ல என்று உங்கள் மனதுக்குத் தெரிந்திருந்தால், குரலும் தானாகத் தணியும்.

மாமி சொல்வதற்கு வருகிறேன். ஒன்றும் நடக்கவில்லை என்பது வெளியில் தெரியும் கதை. சில பிள்ளைகளுக்குச் சில மணித்தியாலத்தில் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம் வரும். சிலருக்கு இரண்டு நாள் சிணுங்கலோடு போய்விடும். சிலருக்கு எதுவுமே தெரியாது, ஆனால் குடல் உள்ளே புண்படும். வலித்ததா இல்லையா என்பதை வைத்து இந்த நோயை அளக்க முடியாது.

அளவைச் சொல்கிறேன், மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஒரு துண்டு பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கிறது. ஒரு நாளில் மொத்தமாக 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலான சீலியாக் நோயாளரின் குடல் தாங்கும் என்பதே இன்றைய கணிப்பு. அந்தப் பாண் துண்டை 200 ஆகப் பிய்த்தால் வரும் ஒரு பொடிதான் அந்த 10 மில்லிகிராம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் 90 நாள் குளூட்டன் எடுத்த பெரியவர்களின் குடலில் சேதம் காணப்பட்டது. அது பாண் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. கேக்கின் கிரீமை மட்டும் வழித்துக் கொடுப்பது, றோல்ஸின் உள்ளுடனை மட்டும் கிள்ளிக் கொடுப்பது எல்லாம் ஏன் சரிவராது என்பது இந்தக் கணக்கில் விளங்கும்.

இதே கணக்கு உங்களுக்கும் ஓர் ஆறுதலைச் சொல்கிறது. ஒரே ஒரு நாள் தவறிப்போன ஒரு வாய் கேக், நீங்கள் 7 மாதம் பாடுபட்டுத் தேற்றிய குடலை அடியோடு அழித்துவிடாது. அது திரும்பத் திரும்ப நடப்பதுதான் பிள்ளையை மறுபடி மெலிய வைக்கும். மச்சாளின் அந்த ஒரு துண்டை நீங்கள் மன்னிக்கலாம். ஒவ்வொரு விழாவிலும் ஒரு துண்டு என்பது வழக்கமாக மட்டும் விடக்கூடாது.

இது வெள்ளைக்காரரின் நோய், எங்கட ஆக்களுக்கு வராது என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். உலகளவில் இரத்தப் பரிசோதனைகளை வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு இதன் அடையாளம் இருக்கிறது. கோதுமை அதிகம் சாப்பிடும் வட இந்தியாவில் இது நன்கு அறியப்பட்ட நோய். புதிதாகக் கண்டுபிடித்த நாகரிகமும் இல்லை. விலெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை வைத்தியர், பாண் கிடைக்காத 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறியதைக் கண்டார். கோதுமையில்தான் காரணம் இருக்கிறது என்று அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் அத்தோடு வலுத்தது. 1950இல் அதை ஆய்வேடாக எழுதினார்.

அரிசிச் சாப்பாட்டுக்குள் ஒளிந்திருக்கும் கோதுமை

நான் கிளினிக்கில் வேலைக்கு வந்த புதிதில் ஒரு தாய்க்கு, "கோதுமையை நிறுத்துங்கோ, எங்கட சோறு, இடியப்பம், புட்டு எல்லாம் குடுக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். 4 மாதத்துக்குப் பிறகும் பிள்ளை தேறவில்லை, இரத்தத்தில் நோயைக் காட்டும் எதிர்ப்பொருளும் இறங்கவில்லை. பிள்ளை ஒரு நாளில் சாப்பிடுவதை எல்லாம் கொண்டுவாருங்கள் என்றேன். லன்ச் ஷீற்றில் சுற்றி, கடை இடியப்பம் ஆறு கொண்டுவந்தார். பால்வெள்ளை, இழுத்தால் நூல் போல நீண்டு வந்தது. அரிசி மா இடியப்பம் அப்படி இழுபடாது, பொட்டென்று அறும். அந்த இழுவைதான் குளூட்டன். அந்தத் தாய் நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் செய்திருந்தார். பிழை என்னுடையது. எங்கள் சமையலறையில் "அரிசி மா" என்று சொல்வதற்குள் எவ்வளவு கோதுமை மா கலந்திருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

எங்கள் பாட்டிமார் அமெரிக்கன் மா என்று சொன்ன அந்தக் கோதுமை மா, வந்த இடத்தில் எல்லாவற்றோடும் கலந்துவிட்டது. யாழ்ப்பாணத்துத் தோசைக்கு உளுந்தோடு அவித்த கோதுமை மா சேர்ப்பார்கள். புட்டுக்கு, கொழுக்கட்டைக்கு, மோதகத்துக்கு, முறுக்குக்கு, பயத்தம் பணியாரத்தைத் தோய்க்கும் கரைசலுக்கு எல்லாம் பல வீடுகளில் ஒரு பங்கு கோதுமை மா போகும். உழுந்து வடை இறுகுவதற்கு ஒரு கைப்பிடி மா தூவுவதும் உண்டு. ரவைக் கேசரியும் சேமியாப் பாயாசமும் மஸ்கட்டும் கோதுமைதான். கடைப் பெருங்காயத் தூள் பலவற்றில் கோதுமை மா சேர்ந்திருக்கும், ஆகவே ரசமும் சாம்பாரும் சந்தேகத்துக்குரியவை. சோயா சோஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்தே செய்யப்படுவது, டெவில் செய்த கறிகளில் அது இருக்கும். சோசேஜில் மா இருக்கலாம். மாமைட், ஹோர்லிக்ஸ், நெஸ்டமோல்ட், மைலோ எல்லாம் பார்லி வழி வந்தவை. சலக்கடுப்புக்குக் கொடுக்கும் பார்லித் தண்ணீரும் கூடாது, அதை மருந்து என்று நினைத்து எந்த அம்மம்மாவும் கொடுத்துவிடுவார்.

சேர்மானத்தில் கோதுமை இல்லாவிட்டாலும், தொடுகையால் வருவது இன்னொரு வழி. றோல்ஸும் பற்றீஸும் பொரித்த எண்ணெயில் அப்பளத்தைப் போட்டால் அப்பளமும் போச்சு. கேக் வெட்டிய கத்தியால் பழம் வெட்டக்கூடாது. பனையோலை நீத்துப்பெட்டியின் பின்னல் இடுக்கில் ஏறிய மா எவ்வளவு கழுவினாலும் போகாது. அப்பம்மா வீட்டில் பிள்ளைக்குப் புட்டு அவிப்பதென்றால், புது நீத்துப்பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள், சின்னச் செலவு. மில்லில் அரைக்கும் மாவிலும் கவனம். உங்களுக்கு முன் நின்றவர் சத்துமாவுக்குக் கோதுமையும் பார்லியும் அரைத்திருந்தால், அது உங்கள் அரிசியோடு வரும். ஊறவைத்த அரிசியை வீட்டுக் கிறைண்டரில் அரைத்து, அரித்து, வறுத்து வைப்பதே நல்லது. குரக்கனும் ஒடியலும் இயற்கையில் குளூட்டன் இல்லாதவை, அவற்றுக்கும் அதே மில் எச்சரிக்கைதான்.

பொதி செய்த சாமானில் "குளூட்டன் இல்லை" என்று போடுவதற்குச் சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸ் வைத்திருக்கும் எல்லை, கிலோவுக்கு 20 மில்லிகிராம். கொழும்புச் சுப்பர்மார்க்கெட்டுகளில் அப்படி எழுதிய இறக்குமதிப் பிஸ்கட்டுகள் கிடைக்கின்றன, விலைதான் கைக்கெட்டாது. அவை இல்லாமலே பிள்ளையை வளர்க்கலாம். பால்சோறு, வீட்டில் செய்த வட்டிலப்பம், எள்ளுருண்டை, பனங்கற்கண்டு, சவ்வரிசிப் பாயாசம், கதலி வாழைப்பழம் என்று எங்களிடமே நிறைய இருக்கிறது.

போகாமல் விடவேண்டாம்

பிள்ளையை வீட்டோடு வைத்திருந்தால் கேக்கிலிருந்து காப்பாற்றலாம். ஆனால் மச்சான் மச்சாளோடு ஓடிப்பிடித்து விளையாடும் வயது 5, அது திரும்பி வராது. இன்னொன்றும் இருக்கிறது. இந்த உணவுமுறை வாழ்நாள் முழுவதற்கும். 10 வயதில் பாடசாலைச் சுற்றுலாவும், 18 வயதில் சிநேகிதர் வட்டமும் வரும். சபையில் எப்படிச் சாப்பிடுவது, எப்படி மறுப்பது என்பதை உங்கள் மடியில் இருக்கும்போதே பழகாவிட்டால், அப்போது தனியே நின்று பழகவேண்டி வரும். போங்கள். போகும் விதத்தை மாற்றுங்கள்.

பிறந்தநாளுக்கு: இரண்டு நாளுக்கு முன்பே அந்த வீட்டுத் தாயை எடுத்துக் கதையுங்கள். "பிள்ளைக்குச் சாப்பாடு நான் கொண்டுவாறன், நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம். கேக் என்ன நிறம் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றால் அவருக்கும் பாரம் குறையும். அரிசி மாவில் கப் கேக் ஒரு தட்டு சுட்டு உறைகுளிரில் வைத்திருங்கள். ஒன்றை எடுத்து, அந்த நிறத்தில் ஐசிங் பூசிக்கொண்டு போனால், மெழுகுதிரி ஊதிக் கைதட்டி முடிய எல்லாப் பிள்ளைகளும் கேக் சாப்பிடும் அதே நிமிடத்தில் உங்கள் மகளும் கேக் சாப்பிடுவாள். அவளை வயிறு நிறையச் சாப்பிட வைத்தே கூட்டிக்கொண்டு போங்கள். பசித்த பிள்ளையிடம் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது அநியாயம். கொடுத்துவிடும் பரிசுப் பையை அவள் திறக்குமுன் நீங்கள் பாருங்கள், அகற்றியதற்குப் பதிலாகப் போட ஒரு ரொபியோ ஸ்டிக்கரோ கைப்பையில் இருக்கட்டும். சாப்பிடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வையுங்கள். சனிட்டைசர் கிருமிக்குத்தான் உதவும், பிஸ்கட் பொடியை அது அகற்றாது.

மண்டபங்களில் வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று தடுப்பதுண்டு. பிள்ளையின் வைத்தியரிடம், நோயின் பெயரும் உணவுத் தேவையும் எழுதிய ஒரு பக்கக் கடிதம் வாங்கிக் கைத்தொலைபேசியிலும் படமெடுத்து வைத்திருங்கள். அன்று வாசலில் வாதாடுவதைவிட, பதிவு செய்தவர் மூலமாக முன்பே சொல்லி வைப்பது நல்லது. கேட்பதற்குக் கூச்சப்படவேண்டாம். நீரிழிவுக்காரருக்குச் சீனி போடாத தேநீர் கேட்க எங்கள் சபையில் யாரும் கூசுவதில்லை.

தம்பியின் கலியாணத்தில் நீங்கள் விருந்தாளி இல்லை, மாப்பிள்ளையின் அக்கா. சமையல்காரரிடம் நேரே கதைக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வடைப் பொரியல் தொடங்குமுன் வெறும் சோறும், பெருங்காயம் போடாத பருப்பும் உங்கள் மூடிப்பாத்திரத்தில் முதலில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அகப்பை உங்களுடையதாக இருக்கட்டும். அதுவும் நம்பிக்கையில்லை என்றால், காலையில் வீட்டில் சமைத்துக் கொண்டுபோய் அவளுடைய வாழையிலையில் நீங்களே பரிமாறுங்கள். எல்லோருக்கும் இலை, அவளுக்கும் இலை. பக்கத்தில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, அதைவிட முக்கியம், அவளுக்கே தெரியாது.

கோயிலில் பிரசாதத்தை மறுப்பது மனதுக்குக் கஷ்டம் என்று எழுதியிருந்தீர்கள். மறுக்கவேண்டாம். இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, அம்மாவிடம் கொடுக்கப் பழக்குங்கள். விபூதி, தீர்த்தம், தேங்காய்ச் சொட்டு, தோலுரிக்காத வாழைப்பழம் அவளுக்கு. அரிசி, பயறு, சர்க்கரையில் செய்த புக்கையையும், செய்தவரிடம் சேர்மானம் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். மோதகம், வடை, கேசரி உங்களுக்கு. ஆடிவேல் தெருவில் விற்கும் பலகாரம் எதுவும் வேண்டாம். அங்கே யாரிடம் போய் என்ன எண்ணெய் என்று கேட்பது?

ஊட்டுகிற கைக்கு வேறு வேலை

உங்கள் பிள்ளைக்கு ஆபத்து முன்பின் தெரியாதவரிடமிருந்து வரவில்லை, மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சியவரிடமிருந்து வந்தது. எங்கள் ஆட்களுக்குப் பாசம் வந்தால் கை தானாகச் சாப்பாட்டுத் தட்டுக்குப் போகும். அந்தக் கையைத் தட்டிவிட்டால் பாசத்தையே தட்டிவிட்டதாக அவர்களுக்குப் படும். மச்சாளுக்கும் அன்று அதுதான் வலித்திருக்கும்.

கிளினிக்குக்குப் பேரனோடு வரும் ஓர் அப்பம்மா ஒருநாள் என்னிடம் பொரிந்தார்: "எதைக் குடுக்கக்கூடாது எண்டு எல்லாரும் சொல்லுறீங்கள். எதைக் குடுக்கலாம் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அன்று மூன்று பலகாரத்தின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த முறை வரும்போது, மூடியில் பேரனின் பெயர் ஒட்டிய ஒரு தகரப் பேணி அவருடைய பையில் இருந்தது. உள்ளே எள்ளுருண்டை. அந்த வீட்டு விழாக்களில் இப்போது யாராவது பேரனுக்குப் பிஸ்கட் நீட்டினால், தாய்க்கு முன் அப்பம்மாவின் குரல்தான் எழும்புகிறது.

உங்கள் மாமியிடமும் ஒரு பேணியை ஒப்படையுங்கள். என்ன செய்யக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பதைவிட, "மாமி, இவளுக்கு எள்ளுருண்டை நீங்கள்தான் செய்து தரவேணும், சபையில நீங்கள்தான் குடுக்கவேணும்" என்று கேளுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருமகள் சொன்னால் பிடிவாதமாகப் படுவது, வைத்தியர் சொன்னால் மருத்துவமாகப் படும்.

மச்சாளோடு கதைக்க வேண்டியவர் உங்கள் கணவர். கூடப் பிறந்தவன் சொல்லும்போது அது குற்றச்சாட்டாகக் கேட்காது. கடிதம் முழுவதும் தேடினேன், அன்று அவர் எங்கே நின்றார் என்று நீங்கள் எழுதவில்லை. நோய் அவருடைய பிள்ளைக்கும்தான், சொந்தக்காரருக்கு விளங்கப்படுத்தும் பாரத்தில் பாதி அவருடையது. பிறகு நீங்களும் ஒருமுறை எடுத்து, சபையில் சத்தம் போட்டதற்கு மட்டும் வருத்தம் சொல்லுங்கள். கேக் கொடுக்கக் கூடாது என்று சொன்னதற்கு வருத்தப்பட ஒன்றுமில்லை.

"நான் கூடாத பிள்ளையா?"

உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் "கூடாது" என்ற சொல் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அது கூடாது, இது கூடாது, தொடக்கூடாது, வாங்கக்கூடாது. எங்கள் தமிழில் கெட்ட பிள்ளைக்கும் கூடாத பிள்ளை என்றுதான் சொல்கிறோம். 5 வயதுக் காதுக்கு இரண்டும் ஒரே சொல். நாள் முழுக்க அதைக் கேட்டு, சபையில் அம்மா கத்துவதையும் பார்த்து, பாட்டி வீட்டுக்குப் போவதும் நின்றுபோனால், தன்னால்தான் எல்லாம் என்று பிள்ளை கணக்குப் போடாமல் வேறு என்ன செய்யும்?

சொல்லை மாற்றுங்கள். "கோதுமை உன்ர வயிற்றுக்கு ஒத்துவராது. உனக்கு இது இருக்கு" என்று, மறுக்கும் அதே மூச்சில் கொடுப்பதையும் காட்டுங்கள். அன்று கேக்கை வாங்கியது அவளுடைய பிழையில்லை, ஊட்டிய மாமிக்குத் தெரியவில்லை, அம்மா பயத்தில் கத்திவிட்டேன் என்று அவளிடம் நேராகவே சொல்லுங்கள். பிள்ளைகள் அதை விளங்கிக்கொள்வார்கள். இன்னும் ஒரு வசனத்தைப் பழக்குங்கள்: "எனக்குக் கோதுமை ஒத்துவராது, அம்மாவைக் கேளுங்கோ." பொம்மைகளை வைத்து வீட்டில் பிறந்தநாள் விளையாடுங்கள். ஒரு நாள் நீங்கள் கேக் நீட்டும் மாமியாக இருங்கள், அவள் மறுக்கட்டும். மறுநாள் அவள் மாமியாக இருக்கட்டும். ஆனால் பாதுகாப்பை முழுக்க அவள் தலையில் வைக்கவேண்டாம். இந்த வயதில் அந்த வசனம் அவளுக்கு ஒரு துணை, காவல் பெரியவர்களுடையது.

பாலர் பாடசாலையிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். விளையாடக் கொடுக்கும் பிளேடோ களி கோதுமை மாவில் செய்தது. தோலால் ஒன்றும் உள்ளே போகாது, ஆனால் கை வாய்க்குப் போகும்.

தவறி ஏதும் வாய்க்குள் போய்விட்டால், வாந்தி எடுக்க வைக்கவேண்டாம், திட்டவும் வேண்டாம். தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் ஜீவனி என்ற உப்புச்சீனிப் பொடியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி நிற்காமல் பிள்ளை சோர்ந்து தூங்கினாலோ, சலம் போவது குறைந்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மற்றப்படி திகதியையும் சாப்பிட்டதையும் ஒரு கொப்பியில் எழுதி அடுத்த கிளினிக்கில் காட்டினால் போதும். 7 மாதம் ஆகிவிட்டது, சீலியாக்கைக் காட்டும் டிடிஜி என்ற எதிர்ப்பொருளை இரத்தத்தில் மறுபடி பார்த்தாயிற்றா? அது இறங்கிக்கொண்டு வந்தால் நீங்கள் சரியான வழியில்தான் போகிறீர்கள். இயல்பு நிலைக்கு வர ஒரு வருடத்துக்கு மேலும் எடுக்கலாம். கூடவே உயரம், நிறை, இரும்புச்சத்து, விட்டமின் டி, தைரொயிட் பற்றியும் கேளுங்கள்.

உறவினர் அனுப்பிய அந்தச் செரிமான மாத்திரையைக் கொடுக்கவேண்டாம். அதைப் போட்டுவிட்டுக் கோதுமை சாப்பிடலாம் என்று நிரூபித்த மாத்திரை எதுவும் இன்றில்லை. சீலியாக்குக்கு மருந்து சாப்பாடுதான்.

மகனுடைய விஷயத்தில்தான் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். சீலியாக் உள்ள பிள்ளையின் கூடப்பிறந்தவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. எனவே அவனுக்கும், உங்கள் இருவருக்கும் பரிசோதனை செய்வது நல்லது. ஆனால் டிடிஜி பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடம்பில்தான் உண்மை சொல்லும். 7 மாதமாக வீட்டில் கோதுமை மா இல்லை, அவனுக்கும் நிறுத்திவிட்டீர்கள் என்பதால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். இரத்தம் எடுக்குமுன் இதை வைத்தியரிடம் சொல்லுங்கள். எத்தனை கிழமை, எவ்வளவு கோதுமை கொடுத்துப் பார்ப்பது என்று அவர் சொல்வார். உங்கள் சமையலறைக்குள் மறுபடி பாண் பொடி வரத் தேவையில்லை. அந்தக் கிழமைகளில் அவன் பாணும் பிஸ்கட்டும் அப்பம்மா வீட்டில் சாப்பிடட்டும், கையையும் வாயையும் நன்றாகக் கழுவிக்கொண்டு அக்காவிடம் திரும்பி வரட்டும்.